கழுவியதால் ஒழுகவில்லை: பழைய வேன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சில வாரங்களாகச் சுற்றிவரும் பேச்சு, கார் வைத்திருப்பவர்கள் காதுக்கும் போய்விட்டது. "எஞ்சினைக் கழுவக் கொடுத்தேன், நன்றாக இருந்த வண்டி ஆயில் ஒழுக ஆரம்பித்துவிட்டது" என்பதுதான் அந்தப் பேச்சு. அதைச் சொன்னவர் நம்முடைய பழைய வாடிக்கையாளர். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கி எழுந்தவர் காலையில் தரையில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் நினைப்பார். ஆனால் நம் பட்டறைக்கு ஒருமுறைகூட வராதவர்கள் அதையே திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போது வலிக்கிறது. அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வெறும் தூசி எஞ்சின்மேல் அரை விரல் கனத்துக்கு ஒட்டாது. அதைப் பிடித்து வைக்க எண்ணெய் வேண்டும். அவருடைய பழைய வேனின் எஞ்சின் மூடியைத் திறந்தபோது, எஞ்சினின் மேல்பக்கத்தை மூடியிருக்கும் டேப்பட் கவரின் ஓரத்தில் தொடங்கி கியர்பாக்ஸ் சேரும் இடம் வரை தார் பூசியது மாதிரி இருந்தது. தண்ணீர் படுவதற்கு முன்பே மரச்சட்டத்தால் சுரண்டி ஒரு தட்டு நிறைய எடுத்தோம். அது அத்தனையும் எஞ்சினுக்குள் இருந்திருக்க வேண்டிய ஆயில். பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சாலைத் தூசியோடு சேர்ந்து, சூட்டில் இறுகிப்போனது. வண்டி வந்த அன்றே ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து, ஆயில் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாக வேலைச் சீட்டில் எழுதியிருக்கிறோம். கழுவுவதற்கு முன்பே ஆயில் குறைந்திருந்தது என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி.

அப்படியானால் இவ்வளவு நாள் தரையில் ஏன் சொட்டவில்லை? நியாயமான கேள்வி. அந்த அழுக்கு, பஞ்சு மாதிரி கசிந்த ஆயிலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஆயிலுக்கு நிற்க இடமில்லை, நேரே கீழே சொட்டுகிறது. ஆக, அழுக்கு சொட்டை மறைத்தது உண்மைதான். கசிவு அதற்கு முன்பே இருந்தது. "அப்ப அழுக்கை அப்படியே விட்டிருக்கலாமே" என்று ஒருவர் போனில் கேட்டார். விடக்கூடாது. எண்ணெய் அழுக்கு போர்வை மாதிரி சூட்டை எஞ்சினிலேயே தேக்கி வைக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் படிந்தால் கருகல் நாற்றம் வரும், தீப்பிடிக்கவும் வழி உண்டு. எண்ணெயில் ஊறிய ரப்பர் குழாய்கள் உப்பி இளகிவிடும். அதற்கடியில் பெட்ரோல் குழாய் ஒன்று வெடித்திருந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வண்டியில் காரணம் என்ன என்பதையும் கண்டுபிடித்தோம். பழைய எஞ்சினில், வாயு கீழே இறங்காமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்குகள் தேயத் தேய, எரிந்த வாயுவில் கொஞ்சம் கீழே ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்த வேனில் பிரீதர் குழாய் கசடால் முக்கால்வாசி அடைத்திருந்தது. வாயுவுக்குப் போக வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், இணைப்புகளில் ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டுகளில் இருப்பதிலேயே நைந்தது எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அங்கே டேப்பட் கவர் கேஸ்கட் கட்டை மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடியும் ஒழுகும். இதை வண்டி எடுக்க வந்த அன்றே அவரிடம் சொன்னோம். ஆனால் அவசரத்தில் நின்றபடியே சொன்னோம், உட்காரவைத்துக் காட்டி விளக்கவில்லை. அது எங்கள் குறைதான்.

அடுத்த பேச்சு, "தண்ணீர் அடிக்க ஒரு நாள் கூலியா?" என்பது. வேனைப் பற்றித் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரில் முன்மூடியைத் தூக்கினால் எஞ்சின் எதிரே இருக்கும். பல பழைய வேன்களில் அது முன் இருக்கைகளுக்குக் கீழேயோ, இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலேயோ ஒளிந்திருக்கும். 1950இல் வெளிவரத் தொடங்கிய பழைய வோக்ஸ்வாகன் வேன்களிலோ எஞ்சின் பின்னால் இருக்கும், காற்றால் குளிர்வது. அதன் சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் எண்ணெய்த் தூசி அடைத்துக்கொண்டால் நேரடியாகச் சூடேறிப்போகும். இருக்கைக்கடி எஞ்சினுக்கு இருக்கையைக் கழற்ற வேண்டும், தரைவிரிப்பைச் சுருட்ட வேண்டும், துருப்பிடித்த போல்ட் முறிந்துவிடாமல் எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மூடி. அப்போதும் மேல்பாதி மட்டுமே கைக்கு எட்டும், மீதிக்கு வண்டியைத் தூக்கி அடியில் போக வேண்டும்.

மூடியைத் திரும்பப் போடுவதும் சின்ன வேலை இல்லை. அதன் விளிம்பு ரப்பர்தான் எஞ்சின் புகையை உள்ளே வராமல் தடுக்கிறது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு, நிறமோ மணமோ கிடையாது. அந்த வேனில் மூடியின் ஒரு கொக்கி சரியாக மாட்டாமல் இருந்தது. மறுநாளே சரிசெய்து கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம்.

அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் மெஷினால் பத்து நிமிடத்தில் முடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடிக்கலாம், நாங்கள் செய்யமாட்டோம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஆயில் சீல்களைத் தாண்டும், ஆல்டர்னேட்டர் பேரிங்குக்குள் போகும், ஒயர் இணைப்புகளில் புகுந்து உட்காரும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங் அடிக்கும். நாங்கள் எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருப்போம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவோம். கார்பரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காயில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டுவோம். முதலில் காய்ந்தபடியே சுரண்டல். பிறகு எண்ணெய் நீக்கும் திரவத்தைத் தடவி, காய விடாமல் சிறிது நேரம் ஊறவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணக் குழாயின் மெல்லிய தண்ணீரில் கழுவல். மண்ணெண்ணெய் மலிவுதான், ஆனால் ரப்பரையும் பெல்ட்டையும் கெடுக்கும், தீ பயமும் இருக்கிறது. கடைசியில் கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு குழியாக ஊதிக் காயவைப்போம். ஸ்பார்க் பிளக் குழியை ஊதாமல் பிளக்கைக் கழற்றினால் அங்கே நிற்கும் மண் நேரே சிலிண்டருக்குள் விழும். கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் விடுவதில்லை. தட்டில் பிடித்துத் தனியாகச் சேர்க்கிறோம்.

இந்த வேலையை இத்தனை வருடம் செய்தவர் எங்கள் மூத்த மெக்கானிக். இருட்டில் கைவிட்டே எந்தக் கொக்கி எங்கே என்று சொல்லிவிடுவார். முதுகுவலி அதிகமாகி வேலையை விட்டுவிட்டார். அவரிடம் படித்த தம்பி நன்றாகவே செய்கிறார், ஆனால் நேரம் கூடுதலாக ஆகிறது. அதனால் இனி வாரத்துக்கு இரண்டு வேன்கள்தான் எடுப்போம், கூலியும் மொத்தக் கணக்கிலிருந்து மணிக்கணக்குக்கு மாறுகிறது.

இந்தப் பேச்சு கிளம்பியபோது உங்களில் சிலர் எனக்கே போன் செய்து, "என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். அடுத்தவர் சொன்னதை அப்படியே நம்பாமல் என்னைக் கேட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடைகளில் கிடைக்காத மூடி ரப்பருக்காக, தன் பழைய வண்டியிலிருந்து எடுத்துவைத்திருந்ததை இன்னொருவர் வேனுக்குக் கொடுத்தவரையும் நான் மறக்கமாட்டேன். நீங்கள் எல்லாம் இருப்பதால்தான் மற்றவர்கள் தொடத் தயங்கும் வண்டிகளை நாங்கள் இன்னும் எடுக்கிறோம்.

இனி வேன் வந்ததும் டிப் ஸ்டிக்கை உங்கள் கண்முன்னே பார்த்து எழுதி, உங்கள் கையெழுத்தும் வாங்கிக்கொள்வோம். கழுவுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தருவோம். பிரீதர் குழாயைப் பார்ப்பது கழுவும் வேலையிலேயே சேர்ந்துவிடும், அதற்குத் தனிக் கூலி இல்லை. வண்டி எடுத்துப் போனதும் ஒரு வாரம் இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சொட்டு விழுந்தால் அந்த அட்டையில் வண்டியின் முன்பக்கம் எது என்று குறித்து எடுத்து வாருங்கள். விழுந்த இடத்தை வைத்தே எந்த சீல் என்று பாதி சொல்லிவிடலாம், பார்த்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. அப்புறம், கழுவக் கொடுப்பதானால் முந்தின மாலையே வண்டியை விட்டுவிடுங்கள், இருக்கைக்கடியில் இருக்கும் சாமான்களை மட்டும் எடுத்துவிட்டு. இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் காலையிலேயே கைவைக்கலாம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்