தோல் முட்டைக்குக் கோழியைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் பலரும் அரிசி, மிச்சச் சோறு என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டு, முட்டை ஓடு மெலிந்து தோல் முட்டையாக வருகிறதே என்று புலம்புகிறார்கள். நானும் அப்படிப் புலம்பியவன்தான்.

ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது, அது தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அப்படியே போனால் ஒருநாள் கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, அதனால் உடைத்த கிளிஞ்சலை மாலையில் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், தேவையானதை அதுவே கொத்திக்கொள்ளும். தூளாக அரைக்காதீர்கள், பருமனாக இருந்தால்தான் இரவு முழுக்க மெதுவாகக் கரையும். குஞ்சுகளுக்கு மட்டும் இது வேண்டாம், சிறுநீரகம் கெடும்.

புரதம் 16 முதல் 18 சதவீதம் உள்ள முட்டைக்கோழித் தீவனம், ஒரு கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம். அப்புறம் தண்ணீர், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தீவனத்தைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம், அரை நாள் காய்ந்தாலே முட்டை குறையும்.

மஞ்சள் கரு அடர்நிறமாக இருந்தால்தான் சத்து என்பதும் சரியில்லை. கீரையும் மக்காச்சோளமும் தின்றாலே நிறம் ஏறிவிடும். பூஞ்சை பிடித்த தானியத்தை மட்டும், வீணாகிறதே என்று கோழிக்குப் போடாதீர்கள், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்