புறம்போக்கு நிலத்து நஞ்சும் கிராமக் கணக்கில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. அவற்றின்படி, மாசுபட்டிருக்கலாம் என ஐயப்படும் இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வையும் அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். சீரமைப்புச் செலவை மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும். நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டும் 7 இடங்களில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் வந்த இவ்விதிகளை நான் வரவேற்கிறேன். ஆனால் காவிரிப் படுகையில் அவை பயன் தர வேண்டுமானால், மாவட்டப் பட்டியலை ஒவ்வொரு கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் (நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் கிராமக் கணக்கில்) உள்ள புறம்போக்கு நிலங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டா நிலத்தில் எண்ணெய் கசிந்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டது. அதே கசிவு மேய்க்கால் புறம்போக்கில், அதாவது ஊர் மாடுகள் மேயும் பொது நிலத்தில், நேர்ந்தால் மனுக் கொடுக்கவும் உரியவர் இல்லை. எங்கள் ஊர் மேய்க்காலின் ஒரு மூலையில், எண்ணெய்க் கிணறு துளையிடும் பணி முடித்தவர்கள் கழிவுச் சேற்றுக்காக வெட்டிய குழியை மேலாக மண் தள்ளி மூடிவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அங்கே அறுகம்புல்கூடத் தழைப்பதில்லை. மழைக்காலத்தில் தேங்கும் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. வேலியோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாததால், மாடு மேய்ப்பவர்கள்தாம் ஒருவருக்கொருவர் சொல்லி அந்த மூலையை விலக்கி ஓட்டுகிறார்கள். நாங்கள் மனுக் கொடுத்த ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது.

புறம்போக்கில் கிடக்கும் நஞ்சு புறம்போக்கோடு நிற்பதில்லை. படுகையின் நிலம் சமதளம். ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசனமாகவும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வடிகால்களில் நீர் வடியாமல் எதிர்த்து ஏறும்போது மேய்க்கால், களம், குளம், வயல் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிவிடுகின்றன. மேட்டில் விட்ட கழிவு கடைமடையில்தான் சேரும். இதைக் கண்டறியும் வழியும் உழவரிடம் இல்லை. எங்களுக்குத் தரப்படும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் கார அமில நிலை வரை 12 அளவுகள் உள்ளன. ஈயம், காட்மியம், பாதரசம், எண்ணெய்க் கழிவு ஆகியவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அட்டை நல்லதாக இருக்கிறது என்பதாலேயே நிலம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது.

குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது பழைய நல்ல வழக்கம். வட்டாட்சியர் அளவிலேயே அதற்கு இப்போது அனுமதி கிடைப்பது உழவர்களுக்குப் பேருதவி. ஆனால் கழிவு கலந்த குளத்தின் வண்டலைச் சோதிக்காமல் அள்ளினால், ஓரிடத்தில் இருந்த மாசை நாமே நூறு வயல்களுக்குப் பங்கிட்டதாகும். நகரங்களின் பழைய குப்பைமேடுகளைச் சலித்து எடுக்கும் மண்ணுக்கும் இது பொருந்தும்.

தமிழக அரசின் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. அதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. ஆகவே பழைய கிணறுகளைச் சுற்றியுள்ள பொது நிலங்களை முதலில் ஆய்வு செய்ய வேண்டும். சீரமைப்பு முடிய ஆண்டுகள் ஆகலாம். ஆனால் வேலி அடைப்பதற்கும், தமிழில் எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கும், மழைநீர் உள்ளே புகுந்து வெளியேறாதபடி சுற்றிலும் கரை கட்டுவதற்கும் ஒரு வாரம் போதும். மேலே செம்மண் கொட்டி மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதும், மாசு மண்ணை லாரியில் ஏற்றிப் பக்கத்து ஊர்ப் புறம்போக்கில் கொட்டுவதும் சீரமைப்பு ஆகாது. என்ன மாசு, எவ்வளவு ஆழம், நிலத்தடி நீரைத் தொட்டதா என்னும் ஆய்வின் முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் பொதுமக்கள் முன்னிலையில் சரிபார்க்கப்படுகின்றன. ஆக்கிரமிப்பு எந்தப் புல எண்ணில் உள்ளது என்று அங்கே கேட்கும் அதிகாரிகள், மாசு எந்தப் புல எண்ணில் உள்ளது என்றும் கேட்டுப் பதிவு செய்து, அதையே ஆறு மாதப் பட்டியலுக்கு அனுப்பலாம். கிராம நிர்வாக அலுவலருக்கு மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். எங்கள் மேய்க்காலின் புல எண்ணைக் குறிப்பிட்டு, வரும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். படுகையின் மற்ற ஊராட்சிகளும் தத்தம் புல எண்களோடு தீர்மானம் இயற்றி ஆட்சியருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.