வெட்டிய கால் பங்குப் படத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வீட்டு வெளியீடுகள் துறை.

பொருள்: 26 அத்தியாய அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரின் புதிய புளூ-ரே தொகுப்பில் படம் மேலும் கீழும் வெட்டப்பட்டிருப்பது பற்றியும் மாற்று டிஸ்க் கோரியும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தத் தொடர் புளூ-ரேயில் வரப்போகிறது என்று நீங்கள் அறிவித்த அன்றே முன்பதிவு செய்தவன் நான். பெட்டி கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு டிஸ்க்குகளையும் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். டிஸ்க் தடையில்லாமல் ஓடுவதால் இது தயாரிப்புக் குறை ஆகாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. டிஸ்க் ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அதில் இருப்பது நீங்கள் விற்பதாகச் சொன்ன படம் இல்லை.

பதின்மூன்று வயதில் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் நான் படம் வரையப் பழகினேன். பழைய டிவிடியைப் போட்டு, ஒரு காட்சியில் நிறுத்தி, அதைப் பார்த்து நோட்டில் வரைவேன். ஒரே காட்சியை இருபது முறைகூட வரைந்திருக்கிறேன். அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் காட்சியில் எது எங்கே இருக்கும் என்பது கைக்கே மனப்பாடம். அதனால்தான் முதல் அத்தியாயம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

9-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா ஊரைவிட்டுப் போகிறாள். தங்கை வாசலில் நின்று சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் படத்தின் அடிப்பகுதியில் அவளுடைய வலது கை பாவாடை நுனியைக் கசக்கிப் பிடித்திருக்கும். அந்தக் காட்சியின் உயிரே அந்தக் கைதான். உங்கள் புளூ-ரேயில் அந்தக் கை இல்லை. படம் இடுப்போடு முடிந்துவிடுகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு, அக்கா போவதில் தங்கைக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றுதான் தோன்றும்.

காரணம் எளிது. தொடர் 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று வரையப்பட்டது. நீங்கள் அதை அகலத் திரைக்கான 16:9 ஆக்கியிருக்கிறீர்கள். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைச் செய்தால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். ஒரு காட்சியில் அல்ல, 26 அத்தியாயங்களின் ஒவ்வொரு காட்சியிலும் போயிருக்கிறது. இப்போதைய டிவிகள் அகலமானவை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் பலருக்குப் பிடிக்காது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பட்டை வேண்டாம் என்பவர் ரிமோட்டில் ஜூம் பொத்தானை அழுத்திக்கொள்வார். நீங்கள் வெட்டி எறிந்ததை எந்தப் பொத்தானை அழுத்தி நாங்கள் மீட்பது?

அடுத்தது, படத்தின் மேல் நீங்கள் செய்திருக்கும் துடைப்பு வேலை. 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்டுடியோக்கள் கணினிக்கு மாறும்வரை அனிமே எல்லாம் செல் என்னும் ஒளி ஊடுருவும் தாளில் வண்ணம் தீட்டி, ஒவ்வொரு தாளாக ஃபிலிமில் படம்பிடித்தவை. இந்தத் தொடரும் அப்படித்தான். ஃபிலிம் என்றால் கிரெயின், அதாவது பொடித் துகள்கள், இருக்கும். அது அழுக்கு அல்ல, படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். அதை மென்பொருள் வைத்துத் துடைக்கும்போது கிரெயினோடு மெல்லிய கோடுகளும் சேர்ந்து போகின்றன. முடியின் இழைகள், கண்ணோரச் சுருக்கம், துணியின் மடிப்பு எல்லாம் மெழுகு பூசியதுபோல் மழுங்கிவிட்டன. 14-ஆம் அத்தியாயத்தில் மழை பெய்யும் சத்தம் கேட்கிறது, மழையைக் காணோம். ஒருவர் உட்கார்ந்து கையால் போட்ட மழைக்கோடுகளை உங்கள் மென்பொருள் கீறல் என்று நினைத்து அழித்துவிட்டது. வரைகிறவன் என்ற முறையில் என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

ஒரு டிஸ்க்கில் 13 அத்தியாயங்கள், அதுவும் 25 ஜிபி மட்டுமே கொள்ளும் ஒற்றை அடுக்கு டிஸ்க்கில். ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட படம், அதனுடன் இரண்டு மொழி ஒலி. கணக்குப் போட்டால் எல்லாம் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 10 மெகாபிட்தான் கிடைக்கும். புளூ-ரேயில் படத்துக்கு மட்டுமே 40 வரை கொடுக்க வழி இருக்கிறது. கிரெயினைக் காப்பாற்ற அதிக டேட்டா தேவை. இடம் போதவில்லை என்பதற்காகவே அதைத் துடைத்தீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் 50 ஜிபி கிடைக்கும். இல்லையென்றால் இன்னும் இரண்டு டிஸ்க் சேர்த்திருக்கலாம்.

சப்டைட்டிலும் சரியில்லை. ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தாலும் டப்பிங் வசனம்தான் கீழே ஓடுகிறது. பாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டு மௌனமாக நடக்கிறது, கீழே ஒரு முழு வாக்கியம் வருகிறது. டப்பிங்கில் அந்த இடத்தில் சேர்த்த வசனம் அது. பழைய டிவிடியில் சரியான மொழிபெயர்ப்பு தனியாகவே இருந்தது. அப்புறம், 21-ஆம் அத்தியாயத்தில் ஒலி அரை விநாடி பிந்தி வருகிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவுப் பக்கத்தில் 4:3 என்றே போட்டிருந்தீர்கள். பெட்டியின் பின்பக்கத்தில் "அசல் ஃபிலிமிலிருந்து புதுப்பிக்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களை நம்பித்தான் பணம் கொடுத்தேன். தரமான பதிப்பு வருகிறதே என்று பழைய டிவிடியை நண்பரின் மகளுக்குக் கொடுக்கவும் இருந்தேன். நல்லவேளை, கொடுக்கவில்லை.

முழுப் படம் இப்போது கையில் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. இரண்டாம் டிஸ்க்கின் கூடுதல் பகுதியில், எழுத்துகள் இல்லாத தொடக்கப் பாடல் இருக்கிறது. அது 4:3-லேயே இருக்கிறது. வெட்டு இல்லை, துடைப்பும் இல்லை, கிரெயின் அப்படியே அசைகிறது. ஒன்றரை நிமிடம்தான். பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகாக இருந்தது. ஃபிலிமை முழுதாக ஸ்கேன் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த ஒன்றரை நிமிடத்தைப் போலவே மற்ற 26 அத்தியாயங்களையும் தாருங்கள்.

வெட்டாத, துடைக்காத படத்தோடும் சரியான சப்டைட்டிலோடும் மாற்று டிஸ்க்குகளை, வாங்கிய எல்லோருக்கும் கட்டணமில்லாமல் அனுப்ப வேண்டும். பிழையான டிஸ்க்குக்கு மாற்று அனுப்புவது இந்தத் துறையில் புதிதல்ல. அதுவரை, இப்போது விற்பனையில் இருக்கும் பெட்டிகளின் மேல் படம் 16:9-க்கு வெட்டப்பட்டது என்று தெளிவாக ஒட்டுங்கள். மாற்று டிஸ்க் தர இயலாது என்றால் என் பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள், பெட்டியை அனுப்பிவிடுகிறேன். ஆனால் எனக்குப் பணத்தைவிட டிஸ்க்தான் வேண்டும்.

பழைய டிவிடியிலிருந்தும் புதிய புளூ-ரேயிலிருந்தும் எடுத்த படங்களை அருகருகே வைத்து இணைத்திருக்கிறேன். அவற்றோடு பதின்மூன்று வயதில் நான் வரைந்த ஒரு பக்கமும் இருக்கிறது, 9-ஆம் அத்தியாயத்துத் தங்கையின் கை. இதை இந்த டிஸ்க்கின் படத்துக்குப் பொறுப்பானவரிடம் காட்டிவிட்டு, 30 நாளுக்குள் பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்