அப்பாவின் கழுத்துக் குழாய்: சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு,

வன்னியில் எத்தனை பேர் சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பை நம்பி உயிர் வாழ்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவை. கடந்த மாதம் இயந்திரத்தில் இணைத்து ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் என் அப்பாவுக்கு வந்த நடுக்கமே என்னை எழுத வைத்தது. இரண்டு போர்வைகளால் மூடியும் கட்டிலின் இரும்புச் சட்டம் அதிர்ந்துகொண்டிருந்தது. குருதியில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். குருதியை இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் கழுத்துக் குழாயைக் கழற்றிவிட்டுத் தொடையிடுக்கில் வேறொன்றைப் போட்டார்கள். அங்கே தொற்று ஏற்படும் வாய்ப்பு இன்னும் கூட.

இரண்டு கிழமைக்கு மேல் வைத்திருக்கக் கூடாத அந்தத் தற்காலிகக் குழாய் நான்கு மாதங்கள் கழுத்தில் இருந்தது. குழாய் இல்லாமலே ஊசி ஏற்றிச் சுத்திகரிக்கக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அது முதிர்ந்து ஊசி ஏற்றும் நிலைக்கு வரப் பல கிழமைகள் செல்லும்.

விடியற்காலை பஸ்ஸில் வரும்போது வேர்வையிலும் கிரவல் தெருப் புழுதியிலும் குழாய் நுழையும் இடத்தை மூடிய கட்டின் ஓரம் கிளம்பிவிடும். அப்பா அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடியே வருவார். வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தால், "கட்டுறதுக்கு ஒண்டும் இல்லை, வெளியில வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பார்கள். பார்மசி திறக்கும்வரை பழைய கட்டோடேயே இருப்பார். தாதியரை நான் குறை சொல்லவில்லை. தேவையான பொருட்களைக் கைக்குக் கொடுக்காமல் அவர்களிடம் எதைக் கேட்பது?

குழாயின் மூடியைக் கழற்றியதும் அதன் வாயைக் கிருமிநீக்கியால் 10 முதல் 15 விநாடிகள் தேய்த்துத் துடைத்து உலரவிட வேண்டும். அவ்வேளை தாதியும் நோயாளியும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தைக் குளோரெக்சிடின் என்ற கிருமிநீக்கி கொண்டு சுத்தம்செய்து புதிய கட்டுப் போட வேண்டும். இதற்குத் தேவையானவை எந்த நாளும் இரத்தச் சுத்திகரிப்பு அறையில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

2009க்குப் பின் இங்கே எழுந்த கட்டடங்களின் திறப்பு விழாக்களில் நாங்களும் கைதட்டினோம். ஆனால் ஒரு கட்டுக்காக நோயாளியின் பிள்ளை தெருவில் ஓடுவது நிற்கவில்லை. கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கட்டும் கிருமிநீக்கியும் முகக்கவசமும் தடையின்றிக் கிடைக்கச் செய்யுங்கள். சத்திரசிகிச்சைத் திகதிகளை விரைவுபடுத்துங்கள். என்றாவது ஒரு நாள், முன்னறிவித்தல் இல்லாமல் வந்து, அந்த அறையின் அலுமாரியை நீங்களே திறந்து பார்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
முல்லைத்தீவு மாவட்டம்