சமையலறையில் கேட்ட குரல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானியக் கதைகளில் பள்ளிக்கூடம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டோட்டோ-சான்’ புத்தகத்தை வெகுளித்தனத்துக்கும், மியெகோ கவகாமியின் ‘ஹெவன்’ போன்ற நாவல்களைக் குரூரத்துக்கும் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார் கட்டுரையாளர். என் மனசு இதை ஏற்கவில்லை.

டோட்டோ-சான் தெத்சுகோ குரோயநாகியின் சொந்த நினைவுகள், 1981-இல் வந்த புத்தகம். அதில் வரும் டோமோயே பள்ளியின் ரயில் பெட்டி வகுப்பறைகள்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் டோட்டோ-சான் என்ற அந்தப் பிள்ளை, அங்கே சேர்வதற்கு முன் முதல் வகுப்பிலேயே வேறொரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவள். அப்புறம், டோமோயேயில் நடந்த அந்த ‘வால்’ சம்பவம். மனிதனுக்கு ஒரு காலத்தில் வால் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பாசிரியை, உடல் வளர்ச்சி நின்றுபோன ஒரு பையனிடம் உனக்கு வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் கொபயாஷி அவரைச் சமையலறையில் வைத்துக் கடிந்துகொள்கிறார். மற்ற ஆசிரியர்கள் முன்னால் அவர் தலைகுனியக் கூடாது என்றுதான் சமையலறை. டோட்டோ-சான் தற்செயலாக அதைக் கேட்கிறாள்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். வகுப்பில் சிரிப்புக்காக ஒரு பையனுக்கு நான் வைத்த பட்டப்பெயர், அவன் பள்ளியை விட்டுப் போகும்வரை அவனோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. என்னை யாரும் சமையலறைக்குக் கூப்பிடவில்லை.

2009-இல் வந்த ‘ஹெவன்’ நாவலில் வருவதும் அப்படி ஒரு பையன்தான். பதினான்கு வயது, மாறுகண். வகுப்பு மாணவர்கள் சிலர் அவனை வதைக்கிறார்கள், பெரியவர்கள் கண்ணில் எதுவும் படுவதில்லை. அவனுடைய பென்சில் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு சீட்டு கிடைக்கிறது. அழுக்காக இருக்கிறாள் என்று ஒதுக்கப்படும் கொஜிமா எழுதியது. அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். டோட்டோ-சானின் வெகுளித்தனம் அப்படியே அங்கே இருக்கிறது. இல்லாதது கொபயாஷி மட்டும்தான்.

மிசுகி சுஜிமுராவின் 2017 நாவலை (ஆங்கிலத்தில் ‘லோன்லி காஸில் இன் த மிரர்’) கட்டுரையாளர் தொடவே இல்லை. பள்ளிக்குப் போக முடியாமல் அறைக்குள் முடங்கிய கொகொரோ, கண்ணாடி வழியாக ஒரு கோட்டைக்குள் போகும் கதை. அதில் அவளைக் குற்றம் சொல்லாமல், அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் ஓர் ஆசிரியை வருகிறார். அவரைப் பற்றி உங்கள் இதழில் யாராவது விரிவாக எழுதுங்கள். ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்