தாளில் நிறைந்த பூஜ்ஜியங்கள்: கலியமூர்த்திக்கு ஒரு கடிதம்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள கலியமூர்த்திக்கு,

இங்கு நலம். உன் நலமும் மஞ்சக்குப்பத்தில் அனைவர் நலமும் அறிய ஆவல். உன் கடிதமும், உன் மருமகன் கொண்டுவந்து கொடுத்த பென் டிரைவும் கிடைத்தன. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதைப் படித்து என்னைவிட என் மனைவிதான் அதிகம் மகிழ்ந்தாள். உன்னைச் சாக்கிட்டு இப்போது என்னையும் நடக்கச் சொல்கிறாள். பேத்தி பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுத்துக்கொண்டு, கணக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். உயிரியலுக்குள் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

உன் ஆய்வு மாணவியின் வேலையைப் பொறுமையாகப் பார்த்தேன். கடலூர் மாவட்டத்து ஏரிகளில், கொக்கினத்தைச் சேர்ந்த மஞ்சள் குருகைத் தேடிக் கரை கரையாக நடந்து, நவம்பர், ஜனவரி, மார்ச் என ஒவ்வோர் ஏரியையும் மூன்று முறை பார்த்து எண்ணியிருக்கிறாள். பெருமாள் ஏரி, வெலிங்டன் ஏரி போன்ற பெரியவற்றோடு, அந்தந்த ஊரார் தவிர வேறெவரும் அறியாத சிற்றேரிகளையும் சேர்த்துக்கொண்டது நல்ல காரியம். பேருந்து நிற்கும் சாலையோரத்து ஏரிகளை மட்டும் எண்ணிவிட்டு மாவட்டம் முழுமைக்கும் தீர்ப்புச் சொல்லும் ஆய்வேடுகளை நாம் இருவருமே நிறையப் பார்த்திருக்கிறோம்.

அவள் வந்து சேர்ந்திருக்கும் முடிவில்தான் எனக்குத் தயக்கம். சம்பு (நீரில் அடர்ந்து வளரும் உயரமான கோரை போன்ற செடி) அடர்ந்த ஏரிகளில் குருகு குறைவு, திறந்த நீர்ப்பரப்புள்ள ஏரிகளில் அதிகம், ஆகவே தூர்வாரும்போது சம்பை அகற்றினால் பறவைக்கு நல்லது என்று எழுதியிருக்கிறாள். சம்புக்குள்ளேயே மீனும் தவளையும் பிடித்துத் தின்று, ஆள் அரவம் கேட்டதும் கழுத்தை நீட்டி அலகை வானத்தை நோக்கி நிறுத்தித் தண்டோடு தண்டாக நின்றுவிடுகிற ஒரு பறவையைப் பற்றி இப்படி ஒரு முடிவு வருமானால், பறவையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். நீ விலங்கியல்காரன், இதை என்னைவிட நீ முன்னரே உணர்ந்திருப்பாய், அதனால்தான் அவள் எண்ணிக்கைகளைப் பதிந்த கணினித் தாளை எனக்கு அனுப்பினாய் என்று நினைக்கிறேன்.

முதலில் அவள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, மடக்கை (லாக்) எடுத்து, மணி வடிவ இயல்நிலைப் பரவலை வைத்து, ஒன்று மாற இன்னொன்று எப்படி மாறுகிறது என்று காட்டும் தொடர்புப் போக்கு பொருத்தியிருக்கிறாள். நம் காலத்துப் பாடநூல்கள் அதைத்தான் சொல்லின. 1972-இல் புள்ளியியலாளர்கள் நெல்டரும் வெட்டர்பர்னும் பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளை வகுத்துக் கொடுத்த பிறகு எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே வைத்துக்கொண்டு மாதிரி அமைக்க முடியும்போது, இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அதுவும் பூஜ்ஜியம் மலிந்த தாளில் இதனால் ஒரு பயனும் இல்லை. ஒன்றைக் கூட்டி மடக்கை எடுத்தாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நிற்கும். பிறகு அவளே அதைக் கைவிட்டு, எண்ணிக்கைகளுக்கென உள்ள பாய்சான் பரவலுக்கு வந்திருக்கிறாள். பாய்சானில் சராசரியும், சிதறலை அளக்கும் பரவற்படியும் ஒன்றே என்பது உனக்கு நினைவிருக்கும். சராசரி 1.5 என்றால் 100 பதிவுகளில் 22 பூஜ்ஜியங்களைத்தான் அது எதிர்பார்க்கும். அவள் தாளிலோ பாதிக்கு மேல் பூஜ்ஜியம். எனவே கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலையும், அதன் பின் பூஜ்ஜியம் மிகுந்த பாய்சான் மாதிரியையும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி, கடைசியாகச் சொன்னதற்கு, மாதிரிகளை ஒப்பிடும் அகாய்கே அளவை (குறைந்தால் மேல்) மிகக் குறைவாக வந்ததால் அதையே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கடைசி மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை அவளுக்குச் சொல். 1992-இல் டயான் லாம்பர்ட் அதை வெளியிட்டபோது எடுத்துக்கொண்டது மின்சுற்றுப் பலகைகளின் பற்றவைப்புக் குறைகளை. இயந்திரம் சரியாக அமைந்திருக்கும்போது குறை வரவே வராது. அமைப்பு சற்றுப் பிசகியிருக்கும்போது பாய்சான் முறைப்படி குறைகள் வரும், அப்போதும் தற்செயலாகச் சில பலகைகள் குறையின்றி வெளியே வரலாம். ஆக, பூஜ்ஜியத்துக்கு இரண்டு ஊற்றுகள். பலகையைப் பார்ப்பவர் இருக்கிற குறையைக் காணாமல் விட்டிருக்கலாம் என்பதற்கு அந்த மாதிரியில் இடமே இல்லை. ஏரிக்கரையில் நமக்கு இருக்கும் சிக்கலோ அதுதான். ஏரி பறவைக்கு ஒவ்வாதது என்பதால் வந்த பூஜ்ஜியம் ஒன்று. ஒத்த ஏரிதான், ஆனாலும் அன்று பறவை இல்லை என்பது இன்னொன்று. பறவை இருந்தது, கண்ணில் படவில்லை என்பது மூன்றாவது. வரிசைக்கு ஓர் எண் மட்டும் கொடுத்தால், மூன்றாவது வகையை எந்த மாதிரியும் தனியே பிரித்துக் காட்டாது. முதலிரண்டுக்குள் எங்காவது தள்ளிவிட்டு அழகாகப் பொருந்தியும் காட்டும். அகாய்கே அளவை, கொடுத்த மாதிரிகளுக்குள் எது மேல் என்று சொல்லுமே தவிர, எல்லா மாதிரிகளும் சேர்ந்து ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அதைச் சொல்லாது. வலை வெறுமையாக ஏறியது என்பதற்காகக் கடலில் மீனே இல்லை என்று தேவனாம்பட்டினத்தில் எவரும் சொல்லமாட்டார்.

அவள் முடிவு எப்படித் தலைகீழாகியிருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் கற்பனை, ஆனால் நடப்பது இதுதான். சம்பு அடர்ந்த ஏரிகள் 100, திறந்த ஏரிகள் 100 என்று வைத்துக்கொள். இரண்டிலும் சரிபாதியில், அதாவது 50 ஏரிகளில், குருகு இருக்கிறது. பறவை உள்ள ஏரிக்கு ஒருமுறை போனால் அதைக் காணும் நிகழ்தகவு திறந்த ஏரியில் 0.6, அடர்ந்த ஏரியில் 0.2. மூன்று முறை போயும் காணாமல் திரும்பும் நிகழ்தகவு திறந்த ஏரியில் 0.4-இன் முப்படி, அதாவது 0.064, அடர்ந்த ஏரியில் 0.8-இன் முப்படி, அதாவது 0.512. ஆக, திறந்தவற்றில் 47 ஏரிகளிலும் அடர்ந்தவற்றில் 24 ஏரிகளிலும் மட்டுமே குருகு பதிவாகும். உண்மையில் வேறுபாடே இல்லாத இடத்தில் தாள் இருமடங்கு வேறுபாட்டைக் காட்டுகிறது. அடர்ந்த ஏரிகளில் பறவை சற்றுக் கூடுதலாகவே இருந்திருந்தாலும் முடிவு சம்புக்கு எதிராகத்தான் வந்திருக்கும். ஏரிகளை இன்னும் கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது. தவறான விடைமேல் நம்பிக்கைதான் கூடும்.

இதற்கு வழி இருக்கிறது. டேரில் மெக்கென்சியும் அவருடன் ஐவரும் 2002-இல் வெளியிட்ட முறையில், ஓர் இடத்தில் உயிரினம் இருக்கும் நிகழ்தகவையும், இருக்கும்போது அது கண்ணுக்கோ காதுக்கோ அகப்படும் நிகழ்தகவையும் இரண்டு பண்பளவைகளாகப் பிரித்து, திரும்பத் திரும்பப் போன பதிவுகளிலிருந்து இரண்டையும் ஒருசேர மதிப்பிடுகிறார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டில் 29 நீர்நிலைகளுள் 10-இல் மட்டுமே அமெரிக்கத் தேரை பதிவாயிற்று, அதாவது 34 விழுக்காடு. காணத் தவறியதைக் கணக்கில் சேர்த்தபோது மதிப்பீடு 49 விழுக்காடாக உயர்ந்தது. சம்பின் அடர்த்தியை இரண்டு பக்கமும் மாறியாகச் சேர்க்கலாம்: பறவை இருப்பதை அது எப்படி மாற்றுகிறது, நாம் காண்பதை எப்படி மாற்றுகிறது என்று. நம் நாட்டில் புலிக் கணக்கும் காலடித் தடத்தை எண்ணிய காலத்தைத் தாண்டி, இதே கேள்வியை எதிர்கொண்ட பிறகுதான் நிதானப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு 3682 என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல் 3167 முதல் 3925 வரை என்ற எல்லைகளோடு வந்ததைக் கவனித்திருப்பாய். அந்த எல்லைகளைப் பத்திரிகைகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை, அது வேறு.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன். மூன்று மாதங்களில் மூன்று முறை போயிருக்கிறாளே, அதுவே திரும்பப் போனதாகாதா என்று நீ கேட்பாய். ஆகாது. அந்த முறை, போகும் தடவைகளுக்கு இடையே இடத்தின் நிலை மாறவில்லை என்பதை அடிப்படையாகக் கொண்டது. வடகிழக்குப் பருவமழையில் நவம்பரில் கரை தளும்பும் நம் ஏரியும், பாசனத்துக்குத் திறந்துவிட்டு மார்ச்சில் சேறு வெடிக்கும் அதே ஏரியும் ஒரே இடமல்ல. மார்ச்சில் வந்த பூஜ்ஜியம் பெரும்பாலும் மெய்யான பூஜ்ஜியம். ஜனவரியில் வந்தது அப்படியென்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் காணும் நிகழ்தகவு வீணாகக் குறைந்து, இருப்பின் மதிப்பீடு வீணாக ஏறும். அதாவது முன்பு சொன்ன பிழைக்கு நேர் எதிரான பிழை.

ஆனால் பென் டிரைவில் தவறிப்போய் வந்துவிட்ட ஒரு படம் என் கவலையைப் பாதி தீர்த்தது. அவளுடைய களக் குறிப்பேட்டின் ஒரு பக்கம் அது. காலை ஆறரைக்கு ஒரு வரிசை, அதே கரையில் மாலை ஐந்துக்கு இன்னொரு வரிசை. ஓரத்தில் ‘காற்று பலம், சம்பு ஆடுகிறது’ என்று பென்சில் குறிப்பு. கணினித் தாளில் இவ்விரண்டில் பெரிய எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை விட்டிருக்கிறாள். வீசிய அந்த எண்தான் நமக்கு வேண்டியது. மாதங்களைப் பருவங்களாகவும், காலை மாலையை அந்தப் பருவத்துக்குள் திரும்பப் போனதாகவும் கொண்டால் கணக்கு நிற்கும். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு: காலையில் ஒரு புதரில் குருகைக் கண்டவள் மாலையில் அதே புதரை உற்றுப் பார்த்திருப்பாள், எனவே இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. முன்பே கண்டாளா என்பதையும் ஒரு மாறியாகச் சேர்த்துப் பார்ப்போம். அடுத்த ஆண்டு இரண்டு பேர் தனித்தனியே நடந்தால் இன்னும் நல்லது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் கண்டேன். சில கட்டங்களில் பூஜ்ஜியம், சிலவற்றில் சிறு கோடு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. மழையால் கரைக்கே போக முடியாத நாள் வெற்றுக் கட்டமாக இருக்க வேண்டும். கோடு எதற்கு என்று அவள்தான் சொல்ல வேண்டும். தாளில் இவை மூன்றும் பூஜ்ஜியமாகவே ஏறியிருக்கின்றன. பூஜ்ஜியம் பாதிக்கு மேல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து நிறையும் ஏரிகளைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணியிருப்பதும் சரியில்லை. வடிநிலத்தை ஒரு தொகுதியாக மாதிரியில் சேர்த்தால் போதும், அதை நானே செய்துவிடுகிறேன். அவளிடமிருந்து எனக்குத் தேவை குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களின் படங்களும், கோடுகளுக்கு விளக்கமும், ஒவ்வொரு நாளும் உடன் வந்து பார்த்தவர் யார் என்ற விவரமும். மருமகன் மறுபடி இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பு. அதுவரை சம்பை அகற்றச் சொல்லும் அந்தப் பத்தியை மட்டும் எந்த அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வை.

அன்புடன்,
அரங்கநாதன்