எல்இடி முகப்பு விளக்குகளின் பீமை அளந்து சோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள்,
காட்பாடி, சத்துவாச்சாரி, பள்ளிகொண்டா பகுதி.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: முகப்பு விளக்கின் நிறத்தைப் பார்க்காமல் பீம் (வெளிச்சக்கற்றை) எவ்வளவு கீழ்நோக்கி இறங்குகிறது என்பதை அளந்து சோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இரவில் கண் கூசினால், வெளிச்சத்தின் நிறத்தை வைத்தே பழி முழுக்க எல்இடி மேல் விழுகிறது. எதிர்வரும் வண்டிக்கேற்பத் தானே வெளிச்சத்தை மாற்றும் அடாப்டிவ் ஹெட்லைட்டோடு கம்பெனியிலிருந்தே வரும் கார் வேறு. பழைய ஹாலஜன் பல்புக்கான பிரதிபலிப்புக் கிண்ணத்தில் எல்இடி பல்பு செருகிய கார் வேறு.

60/55 வாட் எச்4 என்னும் ஹாலஜன் பல்பில் இழை மெல்லிய கம்பிச்சுருள். கிண்ணத்தின் வளைவு அந்த இழை இருக்கும் இடத்துக்கென்றே செய்யப்பட்டது. அங்கே எல்இடி சிப் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும், பல்பைப் பிடிக்கும் காலரில் அது கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வெளிச்சத்தின் மேல் எல்லையான கட்-ஆஃப் கோடு கலைந்து வெளிச்சம் மேலே சிதறும். நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சம் குறையுமே தவிர கோணம் மாறாது.

அடாப்டிவ் விளக்கில் முன்கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கேமரா, எதிர்வரும் ஹெட்லைட்டையும் முன்னே போகும் வண்டியின் டெயில் லேம்ப்பையும் கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் படும் எல்இடிகளை மட்டும் கன்ட்ரோல் யூனிட் அணைக்கும். மற்ற இடங்களில் ஹை பீம் தொடரும். சாலையோரம் நடப்பவரும் குறுக்கே வரும் மாடும் முன்கூட்டியே தெரிவது இதனால்தான்.

குறையும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 48இல் நடுத்திட்டுச் செடிகள் எதிர்வரும் லாரியின் விளக்கை மறைத்துவிடும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண்ணை மறைக்காது. கேமராவுக்கு விளக்கு தெரியாததால் ஹை பீம் அப்படியே அவர் கண்ணில் விழும். டெயில் லேம்ப் எரியாத டிராக்டர், விளக்கில்லாத சைக்கிள் ஆகியவற்றையும் அது தவறவிடலாம். முன்கண்ணாடி மாற்றியபின் கேமராவின் பார்வையைத் திரும்பச் சரிபொருத்தாவிட்டால் (காலிபரேஷன்) அணைய வேண்டிய பகுதி தள்ளி விழும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106இன்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 0.5 மீட்டர் வலப்புறம், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. இதை ஒரு சுவரிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைக்க வேண்டும். டிக்கியில் பாரம் இருந்தால் முன்பக்கம் தூக்கி அளவு பொய்க்கும். விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்தால், லோ பீமின் கட்-ஆஃப் கோடு அதற்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். அதாவது 1 சதவீத இறக்கம். 60 செ.மீ. உயர விளக்கு அப்போது 60 மீட்டரில் சாலையைத் தொடும். இறங்காமல் மேல்நோக்கித் தூக்கியிருந்தால் எதிரே வருபவர் கண்ணைத்தான் தொடும்.

ஆகவே, தகுதிச் சான்று சோதனைத் திடலில் இந்த 10 மீட்டர் சுவர்க்குறியை நிரந்தரமாக வரையவும், ஹாலஜன் கிண்ணத்தில் எல்இடி செருகிய வண்டிகளைப் பழைய பல்பைப் போட்டு மறுசோதனைக்கு வரச் சொல்லவும், கம்பெனி அடாப்டிவ் விளக்குகளை நிறத்துக்காக மட்டும் கழற்றச் சொல்லாதிருக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். குறி வரைந்து, ஊழியர்களுக்குச் செய்து காட்ட எங்களில் இருவர் கூலியின்றி வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட பகுதி ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள்.